ஊமைப்படமும் அதற்கு இடப்படும் குரலும்

ஊமைப்படங்கள் எக்காலத்தும் ஊமையாகக் காட்டப்பட்டதில்லை. மேல்நாட்டுப் பெருநகரங்களில் திரைக்கு முன்னால் முழு வாத்தியக் குழுவே அமர்ந்து வாசித்தது. சிற்றூர்களுக்கு ஒரு பியானோ போதுமாயிருந்தது. நம் நாட்டுக் கொட்டகைகளில் ஆர்மோனியமும் தபலாவும் அவ்வேலையைச் செய்தன. திரையில் தோன்றும் எழுத்தை வாசிக்க அறியாதவர்களுக்காக ஒருவர் பக்கத்தில் நின்று உரத்த குரலில் கதை சொல்லுவார். 1931இல் நம் நாட்டில் பேசும்படம் வந்தபின் இவர்கள் மெல்ல மெல்ல வேலையிழந்தனர். அரை நூற்றாண்டு கழிந்தபின் மேலைநாடுகளில் இவ்வழக்கம் மீண்டும் தலையெடுத்தது. ஆபெல் கான்ஸ் 1927இல் எடுத்த 'நெப்போலியன்' என்னும் படத்துக்கு 1980இல் லண்டனில் கார்ல் டேவிஸ் எழுதிய இசையை வாத்தியக் குழுவினர் நேரில் வாசித்தது முதல், பழைய படத்தைச் செப்பனிட்டு, அதற்கென்று புதிய இசை எழுதுவித்து, திரைக்கு முன்னால் இசைஞரை அமர்த்தி வாசிக்கச் செய்வது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துவிட்டது.

இறையியல் இதழில் இதற்கு என்ன இடம் என்று வாசகர் கேட்கக்கூடும். வாய் பேசாத ஒன்றின் முன் நின்று அதற்குக் குரல் கொடுப்பதுதான் நம் தொழிலும். ஞாயிறுதோறும் ஒரு பழைய ஏட்டைத் திறந்து, அதில் எழுத்தாகக் கிடப்பதற்கு நம் தொண்டையிலிருந்து ஓசை தருகிறோம். எழுதியவர் எதிரில் இல்லை. நாம் கொடுத்த குரல் தகுமா தகாதா என்று அவர் எழுந்து சொல்லப்போவதில்லை. ஊமைப்படத்துக்கு இசை எழுதுபவரும் இதே சுதந்தரத்தோடும் இதே ஆபத்தோடும் உழைக்கிறார். ஆகவே அவர்களுடைய வெற்றி தோல்விகளைக் கூர்ந்து நோக்குவது நமக்குப் புறம்பான பொழுதுபோக்கு அன்று.

நம் நாட்டைப் பொறுத்தவரை இவ்வகையில் குறிப்பிடத்தக்க நிகழ்ச்சி 2017இல் நடந்தது. ஹிமான்சு ராய் தயாரித்து, ஜெர்மானியரான ஃபிரான்ஸ் ஓஸ்டன் இயக்கி, 1928இல் வெளிவந்த 'ஷிராஸ்' என்ற படத்தைப் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தார் செப்பனிட்டனர். சித்தார் கலைஞர் அனுஷ்கா சங்கர் அதற்குப் புதிய இசை எழுதினார். அவ்வாண்டு அக்டோபரில் லண்டன் பார்பிகன் அரங்கிலும், நவம்பரில் ஐதராபாத், கொல்கத்தா, புதுதில்லி, மும்பை நகரங்களிலும், இந்திய இசைக்கருவிகளும் மேனாட்டுக் கருவிகளும் கலந்த ஒரு சிறு குழுவோடு அவரே அமர்ந்து வாசித்தார். தமிழகத்துக்கு அது வரவில்லை. பின்னர் வெளியான வட்டின் வாயிலாகவே நாம் அதைக் கண்டோம், கேட்டோம். நேரில் கேட்பதற்கும் வட்டில் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னர்ச் சொல்லுவோம். நம் மதிப்பீட்டின் எல்லையையும் வாசகர் இப்போதே அறிந்துகொள்வது நலம்.

கதை எளியது. வழிப்பறிக் கூட்டத்துக்குத் தப்பிய ஒரு பெண்குழந்தையைக் குயவன் ஒருவன் எடுத்து வளர்க்கிறான். அவனுடைய மகன் ஷிராஸ், உடன்வளர்ந்த அப்பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அடிமை வியாபாரிகள் அவளைக் கவர்ந்துசென்று இளவரசன் குர்ரமுக்கு விற்றுவிட, அவன் பின்தொடர்ந்து போகிறான். சூழ்ச்சியில் சிக்கி, யானைக்காலில் இடறப்பட்டுச் சாகும் தண்டனை பெற்று, கடைசி நொடியில் தப்புகிறான். அவள் அரசியாகிறாள். ஆண்டுகள் கழிந்து அவள் இறந்தபின், கல்லறைக்கு மாதிரி வடிவம் கேட்கிறான் பேரரசன். தேர்ந்தெடுக்கப்பட்ட மாதிரி ஷிராஸினுடையது. இதற்கு நிகராக இன்னொன்றை இவன் சமைத்துவிடக்கூடாது என்று கண்களைப் பறிக்க ஆணை பிறக்கிறது. அருகில் சென்று பார்த்தால், அவன் முன்னமே பார்வையிழந்தவன்.

வரலாறு என்று இதை யாரும் கொள்ளவேண்டியதில்லை. ஆனால் ஆக்ராவிலும் ராஜபுதனத்திலும் உண்மையான கோட்டைகளுக்கு நடுவே, உண்மையான வெயிலில் எடுக்கப்பட்ட படம் இது. மூன்று காலங்கள் இதில் அடுக்காக நிற்கின்றன: கதை நிகழும் பதினேழாம் நூற்றாண்டு, படம் எடுத்த 1928, இசை எழுதிய 2017. மொகலாய அரசவை இசையைப் போலி செய்து தரும் எளிய வழியை அனுஷ்கா சங்கர் நாடவில்லை. 1928ஆம் ஆண்டுக் கொட்டகை ஆர்மோனியத்தையும் அவர் திரும்பக் கொண்டுவரவில்லை. தம் காலத்து இசையையே, ராகங்களின் அடித்தளத்தில் நின்று, மேனாட்டுத் தந்திக்கருவிகளின் துணையோடு எழுதினார். இதை நாம் முழுமனதோடு பாராட்டுகிறோம். பழைய ஏட்டை விளக்கவருபவர் பழங்காலத்தவர்போல வேடமிட வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல சான்று. இதே கூட்டுறவில் பிறந்த 'எ த்ரோ ஆஃப் டைஸ்' என்னும் 1929ஆம் ஆண்டுப் படத்துக்கு நிதின் சாஹ்னி எழுதிய இசையை லண்டன் சிம்பொனி வாத்தியக் குழு 2007இல் டிரஃபால்கர் சதுக்கத்தில் திறந்தவெளியில் வாசித்தது. பெருங்குழுவின் அலைமோதும் ஓசையைவிட 'ஷிராஸின்' சிறுகுழுவே குயவன் வீட்டுக்கு ஏற்றது என்பது நம் எண்ணம்.

நிறைவின்மை ஒன்றும் உண்டு. ஊமைப்படத்துக்கு எழுதப்படும் இசை தொடக்கமுதல் இறுதிவரை ஏறத்தாழ இடைவிடாது ஓடவேண்டும் என்பது இத்துறையினர் ஏற்றுக்கொண்ட ஒரு மரபு. நூற்றைந்து நிமிடப் படம் என்றால் நூற்றைந்து நிமிட இசை! யானையின் பாதம் தாழும் காட்சியில் நாடி துடிக்க வாசிப்பதைக் குறைகூறோம். அக்காட்சியே அதைக் கேட்கிறது. ஆனால் குருடனான சிற்பியின் முகத்தை அரசனின் ஆட்கள் உற்றுநோக்கும் இடத்தில் எவ்வளவு மெல்ல வாசித்தாலும் அது மிகுதியாகவே நமக்குப் படுகிறது. அந்த முகம் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அதன் மேல் ஒரு தந்தியின் இரக்கம் ஏன் படரவேண்டும்?

இங்கே அவருடைய தந்தையார் செய்த ஒன்று நினைவுக்கு வருகிறது. 1955இல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' படத்துக்கு ரவி சங்கர் இசையமைத்தார். அது பேசும் படம். ஊரிலிருந்து திரும்பிவந்த கணவன், இறந்துபோன மகளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்ட, தாய் வாய்விட்டுக் கதறுகிறாள். அந்தக் கதறலின் ஓசை நமக்குக் கேட்பதில்லை. அதை அகற்றிவிட்டு, தார்-ஷெனாய் என்ற கருவியின் குரலை அவ்விடத்தில் வைத்தனர். வாயுள்ளவளின் குரலை எடுத்துவிட்டு இசையைக் கொடுத்ததால் அந்தத் துயரம் பெரிதாகிறது. ஏனெனில் அதற்கு முன் அங்கே இசை அடைத்துக்கொண்டு நிற்கவில்லை, இடம் காலியாயிருந்தது.

எல்லா ஊமைப்படத்துக்கும் புதிய இசை பெறும் பேறு வாய்ப்பதில்லை. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஊமைப்படங்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவை. எஞ்சியவை மிகச் சில. 'ஷிராஸ்' பிழைத்தது அதன் பிரதி இங்கிலாந்தில் காக்கப்பட்டதால். 1920களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்' என்ற மலையாளத்தின் முதற்படம் அழிந்துபோயிற்று. அதில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோஸி என்ற தலித் பெண். அது சாதியினரின் சினத்தைக் கிளப்பியது. அவர் ஊரைவிட்டே ஓடவேண்டியதாயிற்று. அவர் முகம் அசையும் ஓர் அடி படச்சுருள்கூட இன்று இல்லை. எந்த வாத்தியக் குழுவும் அவருக்கு முன்னால் அமர்ந்து வாசிக்க முடியாது. குரல் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது, குரல் கொடுக்கவும் ஒன்றும் மிஞ்சாதபடி அழிக்கப்பட்டவர்களை விட்டுவிட்டுப் பேசலாகாது.

நம் பொருளுக்கு நேராகப் பயன்படும் இன்னொரு படைப்புக்கு வருவோம். டேனிஷ் இயக்குநர் கார்ல் டிரையர் 1928இல் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்கின் பாடுகள்' முழுவதும் ஒரு விசாரணை. 1431இல் திருச்சபை நீதிமன்றத்தில் நடந்த விசாரணையின் பதிவேட்டை அடிப்படையாகக் கொண்டது. எழுதப்படிக்கத் தெரியாத ஒரு கிராமப் பெண். அவளைச் சுற்றி ஆயர்களும் இறையியல் அறிஞர்களும். டிரையர் அவர்களுடைய முகங்களை மிக அண்மையில் காட்டுகிறார். மருக்களும் வியர்வையும் தெரிகின்றன. அங்கி தரித்த நம்மைப் போன்றவர்களுக்கு அப்படம் எளிதில் செரிக்காது. அதன் மூலப்பிரதி தீயில் அழிந்து, பல்லாண்டுகள் சிதைந்த பிரதிகளே வழங்கின. 1981இல் நார்வே நாட்டு மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலமாரியில் முழுப் பிரதி கிடைத்தது.

1950களின் தொடக்கத்தில் லோ துக்கா என்பவர் இப்படத்தை பாக், விவால்டி, அல்பினோனி ஆகியோரின் இசைத்துண்டுகளைக் கோத்து வெளியிட்டார். டிரையர் அதை வெறுத்தார். அவர் வெறுத்ததில் நமக்கு வியப்பில்லை. பாக்கின் இசை தெய்வீகமானதுதான். ஆயினும் வேறொரு நோக்கத்துக்காக எழுதப்பட்ட பக்தியைக் கடன்வாங்கி ஒருத்தியின் வேதனைமேல் போர்த்தினால், நமக்குக் கிடைப்பது பக்தி உணர்ச்சி மட்டுமே; அவள் கிடைக்கமாட்டாள். இறுதிச்சடங்கில் எவருடைய சாவுக்கும் பொருந்தும் ஒரே அருளுரையை வைத்துக்கொண்டு சுற்றும் போதகரை நாம் கண்டதில்லையா?

1994இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஐன்ஹோர்ன் 'ஒளியின் குரல்கள்' என்ற பெயரில் இப்படத்தோடு வாசிப்பதற்கென்று பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் சேர்ந்த ஒரு பெரும் இசைக்கோவையை எழுதினார். அன்று முதல் அது பல நாடுகளில் படத்தோடு நேரில் வாசிக்கப்பட்டு வருகிறது. அவர் செய்த இரண்டு தீர்மானங்களை நாம் உற்றுநோக்க வேண்டும். ஒன்று, திரையில் அசையும் உதடுகளுக்குப் பாட்டு வாயசைப்பாக அமையவில்லை. பாடப்படுபவை பெரும்பாலும் இடைக்காலத்துப் பெண் ஞானியரின் எழுத்துக்கள், ஜோன் சொல்லி எழுதுவித்த கடிதங்களின் பகுதிகள். அவை இலத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் ஒலிக்கின்றன. இசை அவளுக்கு மொழிபெயர்ப்பாளராக நிற்காமல், அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டமாக நிற்கிறது. மற்றொன்று, ஜோனின் சொற்களை ஒரே பாடகியிடம் கொடுக்காமல் பல பெண்கள் சேர்ந்து பாடும்படி அமைத்தார். அவளுடைய குரல் எப்படியிருந்தது என்பதை எவரும் அறியார். அறிந்ததுபோல் நடிக்கவும் அவர் விரும்பவில்லை. அவளுடைய சொந்த ஊராகிய தோம்ரெமியின் ஆலய மணியோசையைப் பதிவுசெய்து இசையில் சேர்த்தார். அறிந்த ஓசை அது ஒன்றே. அதை மட்டும் உள்ளபடி வைத்தார். விளக்கவுரை எழுதும் நம் மாணவர்கள் கற்கவேண்டிய அடக்கம் இது.

விசாரணை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது பிலாத்துவின் முன் நடந்தது. மாற்கு எழுதிய நற்செய்தியில் ஆண்டவர் ஆசாரியருக்கு முன்னும், பின்னர் ஆளுநனுக்கு முன்னும், குற்றச்சாட்டுகளுக்கு விடையளிக்காமல் நிற்கிறார். லூக்காவில் ஏரோதுக்கும் மறுமொழியில்லை. ஏசாயா 53ஆம் அதிகாரத்தின் ஊழியர் வாய் திறவாதவர். ஆகையால் பாடுகளின் வரலாற்றுக்கும் ஊமைப்படத்துக்கும் ஆழ்ந்த பொருத்தம் உண்டு. ஆண்டவர் பேசாதிருக்கும்போது இசை என்ன பேசவேண்டும்? பாக் தம் மத்தேயு பாடுகளில் இயேசு பேசும் இடங்களிலெல்லாம் தந்திக்கருவிகளை ஓர் ஒளிவட்டம்போல நீண்டு ஒலிக்கச் செய்கிறார். சிலுவையில் கைவிடப்பட்டுக் கதறும் அந்த ஓர் இடத்தில் மட்டும் அவற்றை விலக்கிவிடுகிறார். அந்த இடத்துக்காகவே அதுவரை அவற்றை வைத்திருந்தார் என்று கூடத் தோன்றுகிறது.

தமிழகத்தில் திரைப்படம் பரவியதே ஆண்டவருடைய வாழ்க்கைப் படத்தோடுதான் என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியராயிருந்த கோயம்புத்தூர்க் கிறிஸ்தவர் சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கினார். அவற்றுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை. கூடாரமடித்து ஊர் ஊராகக் காட்டினார். பம்பாயில் அத்தகைய ஒரு கிறிஸ்துப் படத்தைக் கண்டுதான் தாதாசாகிப் பால்கே படத்தொழிலில் இறங்கினார் என்பதும் யாவரும் அறிந்தது.

படத்தோடு பாட்டையும் உரையையும் சேர்ப்பது நம் சபைகளுக்கும் புதிதன்று. பழனி மலைகளில் 1845இல் கோடைக்கானலைத் தங்கள் கோடை உறைவிடமாக அமைத்த அமெரிக்க மதுரை மிஷன் இதில் முன்னோடி. அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் முதலியோரின் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதே மிஷனின் எமன்ஸ் ஒயிட் கர்நாடக இசை கற்றுக் கதாகாலட்சேபம் செய்தார். மேஜிக் லாந்தர் விளக்கின் ஒளியில் சுவர்மேல் படம் விழ, உபதேசியார் கதை சொல்ல, சபையார் கீர்த்தனை பாடிய மாலைகள் பல சிற்றூர்களில் நடந்தன. இருந்தும் கோடைக்கானலில் இரண்டு இசைகள் ஒன்றையொன்று கேளாமலே வாழ்ந்தன என்பது நம் துணிபு. மிஷனெரிப் பிள்ளைகளுக்காக 1901இல் தொடங்கிய பள்ளியில் வயலினும் செல்லோவும் பியானோவும் ஒலித்தன. இன்றும் அப்பள்ளியில் மேனாட்டு இசை கற்பிக்கப்படுகிறது. சற்றுத் தொலைவில் தமிழ்ச்சபையில் கீர்த்தனை. அதற்கும் அப்பால், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டக் குடியிருப்புகளில் பறை. அது ஆலய வாசலைத் தாண்டி வரவே இல்லை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில், கிராமிய இசையிலேயே வழிபாட்டு முறை அமைத்தபோது, கீர்த்தனையையும் ஆதிக்கச் சாதியாரின் இசை என்று கேள்விக்குட்படுத்தினார். அக்கேள்வியோடு நாம் முழுதும் உடன்படவில்லை. சாஸ்திரியாரின் பாடல்களை உழைக்கும் மக்களும் தமதாக்கிக்கொண்டனர். ஆனால் சாவு வீட்டில் ஏழையின் துயரத்துக்குக் குரல் கொடுத்துவந்த கருவியை, ஆண்டவருடைய சாவுக்கு மட்டும் ஆகாது என்று நாம் தள்ளியதற்கு நம்மிடம் விடை இல்லை.

இன்று பெரிய வெள்ளி இரவுகளில் நம் சபைகளில் நடப்பது என்ன? வெள்ளைத் துணி கட்டி, புரொஜெக்டரில் பாடுகளின் படம் காட்டுகிறோம். ஒலிபெருக்கியை உச்சத்தில் வைக்கிறோம். ஆணி அறையும் காட்சியில் மின்னணு இசைப்பலகையின் ஓலம் சுவர்களை அதிரவைக்கிறது. சபையார் அழுகிறார்கள். எதனால் அழுதார்கள் என்று மறுநாள் விசாரித்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும். பேசாதிருந்த ஆண்டவரை நாம் ஒரு கணமேனும் பேசாதிருக்க விட்டோமா?

நேரில் வாசிக்கப்படும் இசையின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. வட்டில் இசை நின்றால் அது வெறும் ஓசையின்மை. கருவி பழுதோ என்றுதான் நினைப்போம். நேரில், வாசிப்பவர் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்து மடியில் வைப்பதைக் கண்ணால் காண்கிறோம். பறைக்காரர் குச்சிகளைத் தாழ்த்தி நிற்கிறார். வாசிக்க வல்லவர் வாசியாமல் இருக்கிறார் என்பது அனைவருக்கும் தெரிகிறது. பேச வல்லவர் பேசாதிருந்த அந்த விசாரணைக்கு இதைவிடக் கிட்டிய வேறு விளக்கவுரையை நாம் அறியோம்.

இதை நம் மலைகளிலேயே செய்து பார்க்கலாம். 1902க்கும் 1905க்கும் இடையில் பிரான்சின் பாத்தே நிறுவனத்தார் எடுத்த 'இயேசு கிறிஸ்துவின் வாழ்வும் பாடுகளும்' இன்றும் கிடைக்கிறது. ஏறத்தாழ நாற்பத்துநான்கு நிமிடம் ஓடுவது. காட்சிகள் நாடகமேடைபோல் அசையாமல் நிற்கின்றன. சில இடங்களில் சாயம் தீட்டியிருக்கிறார்கள். இக்காலத்துப் பிள்ளைகளுக்கு முதலில் சிரிப்பு வரும், பொறுத்துக்கொள்ளலாம். பள்ளியில் பயிலும் இருவர் வயலினும் ஒருவர் செல்லோவும் வாசிக்கட்டும். சபையின் மூத்த பெண்கள் மூவர் கீர்த்தனையின் மெட்டைச் சொல்லின்றி முனகட்டும். தோட்டத்துப் பறைக்காரர் ஒருவரை, கூலிக்கு அழைத்த ஆளாக அன்றி, ஒத்திகைக்கு முதலில் வருபவராக அழைக்கவேண்டும். சிலுவை சுமக்கும் காட்சியின் நடையைத் தீர்மானிப்பவர் அவரே. பிலாத்துவின் முன் நிற்கும் காட்சி முழுவதும் எவரும் வாசிக்கவேண்டாம். இசை தெரிந்த இறையியல் மாணவர்கள் இரண்டு மாத ஒத்திகையில் இதைச் செய்துவிடலாம். மலையில் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்லமுடியாதாகையால் ஜெனரேட்டர் தேவைப்படும். அதன் இரைச்சல் அந்தக் காட்சியைக் கெடுத்துவிடாதபடி, நீளக் கம்பி இழுத்து, ஆலயத்துக்குப் பின்னால் சரிவில் இறக்கி வைப்பது நலம்.